பாங்காக்கில் நான்கு நாட்கள்: பெற்றோரோடு எதைப் பார்ப்பது, எதை விடுவது?

டிசம்பர் கடைசி வாரத்தில், அறுபதைத் தாண்டிய அப்பா அம்மாவோடு முதன்முறையாகப் பாங்காக் வருகிறீர்கள். கையில் இருப்பது நான்கு முழு நாட்கள். பயண ஏஜென்ட் எழுதிக் கொடுத்த திட்டத்தில் இரண்டு நாள் பட்டாயா, பவளத்தீவு, ஒரு விலங்குப் பூங்கா, ரத்தினக்கல் கடை, அரை நாள் 'கோயில் சுற்றுலா' ஆகியவை இருக்கின்றன. இது போதுமா, இன்னும் எதையாவது சேர்க்கலாமா என்பது உங்கள் கேள்வி.

சேர்ப்பது இருக்கட்டும், முதலில் கழியுங்கள். பட்டாயாவை எடுத்துவிடுங்கள். பாங்காக்கிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர். போகவும் வரவும் சாலையிலேயே பாதி நாள் கரைந்துவிடும். பவளத்தீவுக்குப் போகும் வேகப்படகு அலையில் தூக்கித் தூக்கிப் போடும், முழங்கால் வலியோ முதுகுவலியோ உள்ளவர்களுக்கு அது தண்டனை. ரத்தினக்கல் கடையை எந்தத் தயக்கமும் இல்லாமல் நீக்குங்கள். அது பார்க்கும் இடம் அன்று, உங்களை வாங்க வைக்கும் இடம். நான் பல ஆண்டுகளாக இந்த ஊரில் வேலை பார்க்கிறேன். ஊரிலிருந்து வரும் உறவினர்கள் பெரும்பாலும் இதே திட்டத்தோடுதான் வந்து இறங்குகிறார்கள். திரும்பிப் போகும்போது அவர்கள் நினைவில் நிற்பது ஓட்டல் அறையும் கடைவீதியும்தான். எனக்கு அது ஆற்றாமையாகவே இருக்கிறது.

இந்த ஊரைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு செய்தி தெரிந்தால் போதும். வடக்கே 80 கிலோமீட்டர் தொலைவில் அயுத்தயா என்ற தலைநகரம் 1351 முதல் நானூறு ஆண்டுகளுக்கு மேல் செழித்து நின்றது. 1767இல் பர்மியப் படை அதை முற்றுகையிட்டு எரித்தது. தப்பிய தளபதி தாக்சின், சாவ் ப்ரயா ஆற்றின் மேற்குக் கரையில் தோன்புரியைத் தலைநகராக்கிப் பதினைந்து ஆண்டுகள் ஆண்டார். அவருக்குப் பின் 1782இல் அரியணை ஏறிய முதலாம் ராமா கிழக்குக் கரைக்கு மாறி, இழந்த அயுத்தயாவை மீண்டும் எழுப்புவது போலவே பாங்காக்கைக் கட்டினார். இடிந்த நகரத்தின் செங்கற்களைக் கூடப் படகில் ஏற்றி வந்து மதில் எழுப்பினார்கள். அரண்மனை, கோயில்கள், சடங்குகள், புராண ஓவியங்கள் என்று நீங்கள் காணப்போகும் பலவற்றின் வேர் அந்த இழப்பில் இருக்கிறது. அதனால்தான் அயுத்தயா இல்லாத பாங்காக் பயணத்தை நான் யாருக்கும் சொல்வதில்லை.

முதல் நாளை ஆற்றங்கரைக்குக் கொடுங்கள். அங்கே இருக்கும் பெரிய அரண்மனை (Grand Palace) காலை எட்டரைக்குத் திறக்கும். அந்த நேரத்துக்கே வாசலில் இருங்கள். பத்து மணிக்கு மேல் குழுக் குழுவாகப் பேருந்துகள் வந்து நிற்கும், உள்ளே நிழலும் குறைவு. பிற்பகல் மூன்றரையோடு டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள். வெளிநாட்டினருக்குக் கட்டணம் 500 பாட். அரைக்கால் சட்டை, கையில்லாத சட்டை, உடல் தெரியும் மெல்லிய துணி எதற்கும் அனுமதி இல்லை. அம்மா புடவையில் வந்தால் எந்தச் சிக்கலும் இருக்காது.

வளாகத்துக்குள் இருக்கும் வாட் ப்ரா கேவ் தாய்லாந்தின் மிகப் புனிதமான கோயில். உயரமான பீடத்தின் உச்சியில் அமர்ந்திருக்கும் மரகத புத்தர் ஏறத்தாழ 66 சென்டிமீட்டர் உயரம்தான். பெயரில் மரகதம் இருந்தாலும் செதுக்கப்பட்டது வேறொரு பச்சைக்கல்லில். வடக்கே சியாங் ராயில் 1434இல் இடி விழுந்த ஒரு தூபியிலிருந்து சுதை பூசிய சிலையாகக் கிடைத்து, பூச்சு உதிர்ந்தபோது பச்சை வெளிப்பட்டதாக வரலாறு சொல்கிறார்கள். லாவோஸின் வியந்தியானில் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் இருந்து, 1779இல் போரின் முடிவில் இங்கே கொண்டுவரப்பட்டது. கோடை, மழை, குளிர் என்று மூன்று பருவத்துக்கும் மூன்று பொன்னாடைகள் உண்டு, மாற்றுபவர் அரசரே. நீங்கள் வருவது குளிர்காலம், உடல் முழுவதையும் மூடும் பொன்வலை ஆடையில் பார்ப்பீர்கள். சன்னிதிக்குள் படம் எடுக்கக் கூடாது. உட்காரும்போது கால்களைச் சிலையை நோக்கி நீட்டாதீர்கள்.

பெரும்பாலானோர் புத்தரைக் கும்பிட்டுவிட்டு அரண்மனை முகப்புக்குப் படமெடுக்க ஓடுகிறார்கள். நீங்கள் ஓடாதீர்கள். கோயிலைச் சுற்றியுள்ள திருச்சுற்று மண்டபத்தில் 178 பகுதிகளாக ராமாயணம் தீட்டப்பட்டிருக்கிறது. அங்கே ஒரு மணி நேரம் செலவிடுங்கள். இது கம்பரோ வால்மீகியோ சொன்ன கதை இல்லை, தாய்லாந்தின் ராமகியன். இதில் சீதை ராவணனுக்கும் மண்டோதரிக்கும் பிறந்த மகள். அனுமன் வெண்ணிறம்; நம் ஊர்ப் பிரம்மச்சாரி இல்லை, ராவணன் மகளான கடற்கன்னியோடு காதலும் உண்டு, பிள்ளையும் உண்டு. ராமனின் கூடாரத்தையே தன் வாய்க்குள் வைத்துக் காக்கும் அனுமனைத் தேடிக் கண்டுபிடியுங்கள். அதே சுவரில் போர்க்களத்தின் ஓரமாகச் சமைப்பவர்களும் சூதாடுபவர்களும் இருப்பார்கள், ஓவியர்கள் தங்கள் காலத்து மனிதர்களை உள்ளே நுழைத்திருக்கிறார்கள். ராமாயணம் கேட்டு வளர்ந்த உங்கள் அப்பாவும் அம்மாவும் வழிகாட்டி சொல்லாமலேயே பாதிக் கதையைக் கண்டுபிடித்துவிடுவார்கள். மீதிப் பாதியைப் பற்றி அவர்களுக்குள் வாக்குவாதம் வரும். அந்த வாக்குவாதம் பயணத்தின் நல்ல பகுதிகளில் ஒன்றாக இருக்கும்.

அரண்மனையின் தெற்கே நடந்து போகும் தூரத்தில் வாட் போ. சாய்ந்திருக்கும் புத்தர் 46 மீட்டர் நீளம், 15 மீட்டர் உயரம். தலைப்பக்கம் கூட்டம் நெரியும். பாதத்தின் பக்கம் போய் நில்லுங்கள். முத்துச்சிப்பி பதித்த 108 மங்கலச் சின்னங்கள் அங்கே இருக்கின்றன. முதுகுப்புறம் வரிசையாக 108 வெண்கலக் கிண்ணங்கள், சில்லறை போட்டுக்கொண்டே வரலாம், அந்தக் கணீர் ஓசை மண்டபம் முழுக்கக் கேட்கும். மூன்றாம் ராமா காலத்தில் மருத்துவம், யோகம், இலக்கியம் எல்லாவற்றையும் கல்லில் பொறித்து இங்கே பதித்தார்கள். பொதுமக்கள் படிக்கவென்றே செய்த வேலை. இன்றைக்கும் தாய் மசாஜ் கற்றுத்தரும் பள்ளி இதே வளாகத்தில் நடக்கிறது. அரண்மனையில் நடந்து களைத்த கால்களுக்கு அங்கேயே அரை மணி நேரம் பிடித்துவிடச் சொல்லுங்கள்.

பகல் பன்னிரண்டு முதல் மூன்று வரை எங்கும் போகாதீர்கள். இது டிசம்பருக்கும் பொருந்தும். அறைக்குப் போய்த் தூங்கிவிட்டு மாலையில் தா தியன் படகுத்துறைக்கு வாருங்கள். சில பாட் கொடுத்தால் கடத்துப்படகு இரண்டு மூன்று நிமிடத்தில் எதிர்க்கரையின் வாட் அருணில் இறக்கிவிடும். சூரியனின் தேரோட்டி அருணனின் பெயர் கொண்ட கோயில். மரகத புத்தர் அரண்மனைக்குப் போகுமுன் கொஞ்ச காலம் இருந்தது இங்கேதான். கோபுரம் முழுவதும் உடைந்த சீனப் பீங்கான் துண்டுகளும் சிப்பிகளும் பதித்த பூவேலை. தொலைவில் சாம்பல் நிறமாகத் தெரிவது, கிட்டே போனால் ஆயிரம் நிறமாகும். படிகள் செங்குத்தானவை, பெற்றோரை ஏற்ற வேண்டாம், கீழே நின்று பார்ப்பதில் எந்தக் குறையும் இல்லை. ஒரு வாசலில் பச்சை நிறத்தில் காவல் நிற்கும் அரக்கன் யாரென்று கேட்டால், காலையில் சுவர்களில் பார்த்த ராவணன்தான். இருட்டுவதற்கு முன் மறுகரைக்கு வந்துவிடுங்கள், விளக்கேற்றிய கோபுரத்தை அங்கிருந்துதான் முழுமையாகப் பார்க்க முடியும்.

ஆற்றில் போக ஆடம்பர விருந்துக் கப்பல் எதுவும் தேவையில்லை. ஆரஞ்சுக் கொடி கட்டிய பயணிகள் படகு மிக மலிவான கட்டணத்தில் ஊர் மக்களோடு உங்களையும் ஏற்றிக்கொண்டு போகும். சாதோர்ன் துறையில் ஏறினால் மேம்பால ரயில் நிலையமும் அருகிலேயே இருக்கிறது.

இரண்டாம் நாள் பழைய நகரத்தின் உள்பகுதி. இங்கே ஒரு இடத்தை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், எந்த ஏஜென்டின் திட்டத்திலும் அது இருக்காது. வாட் சுதாட் கோயில் முன்னால் சாலை நடுவே சிவப்பு நிறத்தில் ஒரு மாபெரும் ஊஞ்சல் சட்டம் நிற்கிறது. இருபது மீட்டருக்கும் மேல் உயரம். முதலில் 1784இல் நிறுவப்பட்டது. மார்கழி, தை ஒட்டிய நாட்களில் சிவபெருமான் பூமிக்கு இறங்கி வருவதாக நம்பி, அவரை வரவேற்கப் பல பேர் ஒன்றாக நின்று இந்த ஊஞ்சலில் வானளவு ஆடினார்கள். விபத்துகள் நடந்ததாலும் செலவினாலும் 1930களில் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். சடங்கு மட்டும் நிற்கவில்லை. ஊஞ்சலுக்கு அருகில், அதே 1784இல் கட்டிய தேவஸ்தான் என்ற பிராமணக் கோயிலில் சிவன், பிள்ளையார், திருமால் மூவருக்கும் தனித்தனிச் சன்னிதிகள் உள்ளன. அரண்மனைப் பிராமணர்கள் ஆண்டுதோறும் அங்கே நடத்தும் விழாவின் பெயர் த்ரியம்பவாய் த்ரிபவாய். திருவெம்பாவை, திருப்பாவை என்று உங்கள் காதில் விழுகிறதா? மாணிக்கவாசகரின் பாடல் வரிகள் தலைமுறை தலைமுறையாக வாய்வழி வந்து, உச்சரிப்பு மாறி, பாடுபவர்களுக்கே பொருள் தெரியாத மந்திரமாக இன்றும் ஓதப்படுகின்றன. தனிநாயகம் அடிகளார் போன்ற தமிழறிஞர்கள் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். தென்னிந்தியாவிலிருந்து தெற்குத் தாய்லாந்து வழியாக வந்தவர்கள் தங்கள் முன்னோர் என்பது அந்தப் பிராமணர்களின் மரபு. முதலாம் ராமா அயுத்தயாவின் அரசவைச் சடங்குகளை மீட்டெடுத்தபோது இதுவும் கூடவே மீண்டது. நீங்கள் வருவது மார்கழியில். வளாகம் சிறியது, அமைதியானது, கட்டணம் கிடையாது. அம்மாவுக்குத் திருவெம்பாவை தெரிந்திருந்தால் அங்கே நின்று ஒரு பாட்டு சொல்லச் சொல்லுங்கள்.

அங்கிருந்து சிறிது தூரத்தில் பொன்மலை, வாட் சகேட். சதுப்பு மண் தாங்காமல் சரிந்துபோன ஒரு பெரிய தூபியின் இடிபாட்டையே குன்றாக்கி மேலே சிறிய பொன் தூபி கட்டினார்கள். முந்நூற்றுச் சொச்சம் படிகள் என்றாலும் சுற்றிச் சுற்றி மெதுவாக ஏறும் தாழ்வான படிகள், இடையிடையே மரநிழலும் மணிகளும் உண்டு. அப்பாவால் முடியும் என்றே நினைக்கிறேன். மாலை நான்கரை மணிக்குத் தொடங்குங்கள்.

பொழுது சாய்ந்ததும் யாவராட் சாலையின் சீனக்குடியிருப்பு. இன்றைய அரண்மனை இருக்கும் இடத்தில் முன்பு குடியிருந்த சீன வணிகர்களை அரசர் இங்கே இடம் மாற்றியதில் பிறந்த பகுதி இது. அதன் ஓரத்தில் வாட் த்ரைமித் இருக்கிறது. கோயில் மாலையில் மூடிவிடும், ஆகவே பொன்மலை ஏறுவதற்கு முன்பே அதைப் பார்த்துவிடுங்கள். ஐந்தரை டன் எடையுள்ள பொன் புத்தர் நெடுங்காலம் வெறும் சுதைச் சிலையாகவே கருதப்பட்டவர். 1955இல் புதிய இடத்துக்கு நகர்த்தும்போது பூச்சு பெயர்ந்து உள்ளே தங்கம் மின்னியது. படையெடுப்பாளர்களின் கண்ணிலிருந்து மறைக்கவே யாரோ பூசியிருக்க வேண்டும், மறைத்தவர்கள் போய்ச் சேர்ந்ததும் ரகசியமும் அவர்களோடு போய்விட்டது. திரும்பும் வழியில் நினைவுப் பாலத்தின் அருகே பாக் க்லோங் பூச்சந்தைக்குள் ஒரு சுற்று போய் வாருங்கள். சாமந்தியும் மல்லிகையும் தாமரை மொட்டும் மலை மலையாகக் குவிந்திருக்கும், இரவு ஏற ஏறக் களைகட்டும்.

புதிய நகரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வணிக வளாகங்கள் எங்கேயும் வணிக வளாகங்களே. ஜிம் தாம்சன் இல்லம் பார்க்கத் தகுந்தது. தாய்லாந்துப் பட்டுத்துணியை உலகச் சந்தைக்குக் கொண்டுபோன அமெரிக்கர் அவர். பழைய தேக்கு வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து கால்வாய்க் கரையில் சேர்த்துக் கட்டி வாழ்ந்தார். 1967இல் மலேசியாவின் கேமரன் மலையில் நடக்கப் போனவர் காணாமலே போய்விட்டார். எரவான் சன்னிதியின் நான்முகப் பிரம்மாவை ரயிலுக்குப் போகும் வழியில் கும்பிட்டுக்கொள்ளலாம். சீலோம் சாலையில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழர்கள் கட்டிய ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில் இருக்கிறது. அங்கே கும்பிடுவோரில் தாய்லாந்துக்காரர்களே மிகுதி. நவராத்திரி முடிவில் அம்மன் வீதியுலா வரும்போது சாலை முழுக்கச் சாமந்தியும் தேங்காயும் வைத்துப் படையல் போடுவார்கள். சதுச்சாக் சந்தை சனி, ஞாயிறு மட்டும் முழுமையாக இயங்கும்; அந்த நெரிசலில் பெற்றோரை இழுத்துக்கொண்டு அலைய வேண்டாம், நீங்கள் மட்டும் ஒரு காலை போய் வாருங்கள்.

மூன்றாம் நாள் அயுத்தயா. காலை ரயிலில் ஒன்றரை மணி நேரம் போல ஆகும். சாதாரண வகுப்பில் கட்டணம் மிகக் குறைவு, ஜன்னல்கள் திறந்திருக்கும், வயல்களைப் பார்த்துக்கொண்டே போகலாம். நிலையத்தில் இறங்கியதும் துக்துக் என்ற மூன்று சக்கர ஆட்டோ ஒன்றை மணிக்கணக்கில் பேசி அமர்த்திக்கொள்ளுங்கள். மூன்று ஆறுகள் சூழ்ந்த தீவு அது, கோயில்கள் பரவிக் கிடக்கின்றன, நடந்து தீராது. வாட் மகாதாட்டில் அரசமர இனத்து மரமொன்றின் வேர்கள் ஒரு புத்தர் தலையைப் பொத்திப் பிடித்திருக்கின்றன. எல்லோரும் படம் எடுக்கும் இடம் அது. சிலையின் தலைக்கு மேல் நம் தலை உயராமல் மண்டியிட்டே எடுக்க வேண்டும், காவலர் அதை வலியுறுத்துவார். தலையில்லாத புத்தர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் சுற்றுச்சுவரை அதன் பிறகு பாருங்கள். ப்ரா சி சன்பெட்டின் மூன்று தூபிகள் அழிந்த அரண்மனையின் கோயில். பாங்காக்கின் மரகத புத்தர் கோயிலுக்கு அதுவே முன்மாதிரி. முதல் நாள் பொன்னாகப் பார்த்ததன் செங்கல் எலும்புக்கூட்டை இங்கே பார்ப்பீர்கள். மாலையில் ஆற்றின் மேற்குக் கரையில் 1630இல் கட்டத் தொடங்கிய வாட் சாய்வத்தனாராம். யுனெஸ்கோ 1991இல் இந்த நகரத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கிளம்பும்போது ரொட்டி சாய் மாய் வாங்கிக்கொள்ளுங்கள், மெல்லிய ரொட்டிக்குள் பஞ்சு மிட்டாய் நூலைச் சுருட்டித் தருவார்கள்.

நான்காம் நாளுக்கு மக்கள் கேட்பது மிதக்கும் சந்தை. தம்னோன் சதுவாக் புகழ்பெற்றது, ஆனால் இப்போது பயணிகளுக்காகவே நடக்கிறது. படகிலிருந்து படகுக்கு நினைவுப்பொருள் விற்பதே மிகுதி. அம்பாவா அதைவிட உயிரோட்டமானது, வெள்ளி முதல் ஞாயிறு வரை பிற்பகலில் கூடும். போகிற வழியில் மேக்லோங் சந்தையில் தண்டவாளத்தின் மேலேயே காய்கறி பரப்பியிருப்பார்கள். ரயில் வரும்போது பந்தலை மடக்கிக் கூடையை உள்ளிழுத்து, போனதும் மறுபடி விரித்துவிடுவார்கள்.

என்னைக் கேட்டால் அந்த நாளைக் காஞ்சனபுரிக்குக் கொடுப்பேன். மேற்கே ஏறத்தாழ 130 கிலோமீட்டர். தமிழில் சயாம் மரண ரயில் என்று சொல்கிறோமே, அதன் பாதை அங்கே இருக்கிறது. 1942–43இல் ஜப்பானிய ராணுவம் பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் பாதையை ஓராண்டுக்குச் சற்று மேல் காலத்தில் போட்டு முடித்தது. க்வாய் ஆற்றுப் பாலத்தில் வளைந்த இரும்பு வளைவுகள் பழையவை. நடுவே கோண வடிவில் இருப்பவை குண்டுவீச்சில் சேதமான பிறகு மாற்றியவை. ஊருக்குள் நேச நாட்டுப் போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டம் புல் வெட்டி, பெயர் பொறித்து, பூச்செடி வைத்து அவ்வளவு அக்கறையோடு பேணப்படுகிறது. ஏறக்குறைய 7,000 பேர் அங்கே இருக்கிறார்கள். ஆனால் கைதிகளைவிடப் பல மடங்கு அதிகமாக வேலை வாங்கப்பட்டவர்கள் ஆசியக் கூலிகள். மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து ஆசை காட்டியும் வலுக்கட்டாயமாகவும் கொண்டுபோன பல்லாயிரம் தமிழர்கள் அவர்களில் உண்டு. காலராவிலும் பசியிலும் இறந்தவர்களுக்குப் பெயர்ப் பலகை இல்லை, கணக்கேடும் இல்லை. மலேசியத் தமிழர்களின் முயற்சியால் வாட் தாவோர்ன் வராராம் கோயில் வளாகத்தில் அவர்களுக்கென ஒரு நடுகல் அண்மைக் காலத்தில் எழுந்திருக்கிறது. பாலத்தில் படம் எடுத்துவிட்டுத் திரும்பும் சுற்றுலா வண்டிகள் அங்கே நிற்பதில்லை, ஓட்டுநரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். முழு நாளும் வாடகைக் கார் எடுத்தால் பெற்றோருக்கு எளிது.

இவ்வளவு அலைச்சல் முடியாது என்றால் சமுத்ர ப்ராகானில் இருக்கும் மூங் போரான் நல்ல மாற்று. தாய்லாந்து வரைபடத்தின் வடிவில் அமைந்த பெரிய பூங்கா. நாடு முழுவதிலுமுள்ள கோயில்களின் மாதிரிகளைக் கட்டியிருக்கிறார்கள். மின்வண்டி வாடகைக்குக் கிடைக்கும், ஒரு படிகூட ஏறாமல் சுற்றி வரலாம்.

சாப்பாட்டுக்கு: மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து போட்ட கடை தேடுங்கள், அது 'ஜே' உணவு, வெங்காயம் பூண்டு கூட இல்லாத சுத்த சைவம். மற்ற இடங்களில் காய்கறி மட்டும் என்று சொன்னாலும் மீன் சாறு ஊற்றிவிடுவார்கள். பாஹுராட் பகுதியில் சப்பாத்தி, பருப்பு எளிதாகக் கிடைக்கும். தெருவோரம் கனோம் க்ரோக் என்று தேங்காய்ப்பாலில் சுடுவார்கள், நம் குழிப்பணியாரத்தின் உடன்பிறப்பு. ஸ்பிரிங் ஆனியன் தூவாததாகக் கேட்டால் அப்பாவுக்கு நிச்சயம் பிடிக்கும்.

அரண்மனை வாசலுக்கு அருகே நன்றாக உடுத்திய ஒருவர் வந்து, "இன்று அரண்மனை மூடியிருக்கிறது, இருபது பாட்டுக்குத் துக்துக்கில் வேறு கோயில்களைக் காட்டுகிறேன்" என்று கனிவாகச் சொல்வார். நம்பாதீர்கள். அந்த வண்டி போய் நிற்கும் இடம், ஏஜென்டின் திட்டத்திலிருந்து நாம் நீக்கினோமே, அதே மாதிரி ஒரு ரத்தினக்கல் கடை. நேராக வாசலுக்குப் போய்ப் பாருங்கள், திறந்திருக்கும்.

டிசம்பர் கடைசி வாரம் இங்கே கூட்டம் உச்சத்தில் இருக்கும். காஞ்சனபுரிக் காரையும் ஆற்றுக்கு அருகில் ஓட்டல் அறையையும் இப்போதே பதிவு செய்துவிடுங்கள். ரயில் டிக்கெட்டை அயுத்தயா போகும் அன்று நிலையத்திலேயே வாங்கிக்கொள்ளலாம்.